சிகாகோவில் காஸ்பல் கேட்கப் போகிறீர்களா?

சிகாகோவுக்கு வேலை மாறி வரும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் குளிரைப் பற்றிக் கேட்பார்கள், வாடகையைப் பற்றிக் கேட்பார்கள், டெவான் அவென்யூவில் எந்தக் கடையில் கறிவேப்பிலை வாடாமல் கிடைக்கும் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையாவது நகரத்தின் தெற்குப் பக்கம் போய், காஸ்பல் என்கிற கறுப்பின சர்ச் பாட்டைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சிலர் மட்டும், “நாங்க கிறிஸ்தவங்க இல்லையே, போகலாமா?”, “டிக்கெட் எங்கே வாங்கணும்?”, “அந்தப் பக்கமெல்லாம் பயமில்லையா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இதற்கு முன் நான் இருந்தது அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் சோளக்காடு, நடுவில் எங்கள் அலுவலகம், வருடத்துக்கு ஒரு முறை திடலில் கண்காட்சியும் கண்ட்ரி பாட்டும். அங்கிருந்து சிகாகோவுக்கு வந்தவளுக்கு எந்த ராத்திரி எங்கே போவது என்பதே திண்டாட்டமாகிவிட்டது. மிசிசிப்பி வயல்காட்டுக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு இங்கே வந்துதான் மின்சார கிட்டாரோடு சேர்ந்து இன்னொரு குரல் எடுத்தது. ஹவுஸ் என்கிற நடன இசை 1980-களில் பிறந்ததும் இங்கேதான். நகரின் சிம்பொனிக் குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் சுவரொட்டி உண்டு, டிக்கெட் உண்டு, வாசலில் வரிசை உண்டு. காஸ்பலுக்குப் பெரும்பாலும் இவை எதுவும் கிடையாது. அது நடக்கிற இடத்துக்கு நாம்தான் தேடிப் போக வேண்டும்.

காஸ்பல் என்றால் கறுப்பின அமெரிக்கர்களின் சர்ச்சுகளில் வளர்ந்த பாட்டு. இன்று நாம் கேட்கும் வடிவத்தில் அது உருவான ஊர் சிகாகோ. அதற்குக் காரணம் ரயில் என்றே சொல்லலாம். 1910-களில் தொடங்கி 1970 வரை தென் மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் பிழைப்பும் பாதுகாப்பும் தேடி வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். அவர்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கியது இந்த நகரத்தில். இறைச்சித் தொழிற்சாலை, எஃகு ஆலை, சலவைக்கூடம், பணக்கார வீடுகளின் சமையலறை என்று கிடைத்த வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் அங்கே ஒரு சங்கடம். சிகாகோவில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பெரிய கறுப்பின சபைகளில் ஐரோப்பியப் பாணியில் இசைத்தாளைப் பார்த்து அடக்கமாகப் பாடுவதுதான் கௌரவம். ஊரில் காலைத் தட்டி, கையைத் தட்டி, கத்திப் பாடிப் பழகியவர்களுக்கு அங்கே மூச்சு முட்டியது. நிறையப் பேர் காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்துத் தங்களுக்கென்று சின்னச் சின்ன சபைகளை வைத்துக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில்தான் தாமஸ் டார்சி வருகிறார். 1899-ல் ஜார்ஜியாவில் பிறந்தவர்; அப்பா போதகர். ஆனால் மகன் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் குழுவில் இருந்தவர், இரட்டை அர்த்தப் பாட்டுகளும் போட்டவர். அவர் பக்திப் பாட்டு எழுத ஆரம்பித்தபோது, ‘மதுக்கடை வாடை அடிக்கிறது’ என்கிற மாதிரி முகம் சுளித்துப் பல சபைகள் கதவைச் சாத்தின. 1930-களின் தொடக்கத்தில் எபெனேசர் பாப்டிஸ்ட் சர்ச்சில் தியோடர் ஃப்ரையோடு சேர்ந்து ஒரு காஸ்பல் பாடற்குழுவைக் கட்டினார். அப்புறம் பில்கிரிம் பாப்டிஸ்ட் சர்ச் அவரை அழைத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் அங்கே பாட்டுக்கு அவர்தான் பொறுப்பு. 1932-ல் அவர் வெளியூரில் பாடப் போயிருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ இன்றும் பல மரண வீடுகளில் ஒலிக்கிறது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடியதும் அதுதான். மஹாலியாவும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பதின்வயதில் சிகாகோவுக்கு வந்தவர். துணி துவைத்துப் பிழைத்துக்கொண்டே பாடியவர்.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: நாம் கேட்கப் போவது ஏதோ ஆதிகாலத்திலிருந்து அப்படியே வந்த பழம்பாட்டு இல்லை. இந்த நகரத்துத் தெருக்களில், நூறு வருடத்துக்குள், சண்டை போட்டு இடம்பிடித்த பாட்டு.

என் முதல் காஸ்பல் அனுபவம் நகர மையத்தில் ஓர் உணவகத்தில். ஞாயிறு மதிய விருந்தோடு காஸ்பல் நிகழ்ச்சி. வறுத்த கோழி, வாஃபிள், சோள ரொட்டி எல்லாம் ஒரு பக்கம். மேடையில் எட்டுப் பத்துப் பேர். பாடியவர்கள் அசல் ஆட்கள்தான், குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் சூடு பிடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பந்திக்கு ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள், கடிகாரத்தைப் பார்த்துத்தானே பாட முடியும்? ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப்போக அந்த மாதிரி இடங்கள் சரி. நேரம் குறைவு, சாப்பாடும் கிடைக்கும், குழந்தைகள் ஓடி விளையாடலாம். அதோடு நிறுத்திக்கொண்டால் காஸ்பல் என்றால் துள்ளலான பாட்டு, பளபளப்பான அங்கி என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மாள் இருந்தார். தன் சபையின் பாடற்குழுவில் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண் குரலில் பாடுகிறவர். விருந்துக்குப் போன கதையை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, “சாப்பிட்டாயிற்று இல்லையா, இனி பாட்டுக்கு வா” என்றார். அவர் பின்னால் போய்க் கற்றுக்கொண்டவைதான் இனி சொல்லப்போவதில் பாதி.

முதலில் எந்த சர்ச், எந்த ஞாயிறு என்பது. எல்லாக் கறுப்பின சபைகளிலும் எல்லா வாரமும் பெரிய பாடற்குழு பாடும் என்று நினைக்காதீர்கள். இப்போது பல இடங்களில் ஐந்தாறு பேர் மைக் பிடித்துப் பாடும் சிறு குழுதான் வழக்கமாகப் பாடுகிறது. பெரிய குழு மாதத்தில் சில வாரம்தான். ஒரு ஞாயிறு ஆண்கள் மட்டும், இன்னொரு ஞாயிறு இளைஞர்கள் என்று முறை வைத்துப் பாடும் சபைகளும் உண்டு. சர்ச் அலுவலகத்துக்கு வார நாளில் போன் செய்து, “இந்த ஞாயிறு யார் பாடுகிறார்கள்?” என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். அதைவிடச் சுலபம், பல சபைகள் ஆராதனையை இணையத்தில் நேரலையாகக் காட்டுகின்றன. இரண்டு மூன்று வாரம் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் எந்தச் சபையின் பாணி நமக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் பாட்டுக்குப் பேர்போன பழைய சபை ஒன்றில் தொடங்கலாம். வாபாஷ் அவென்யூவில் இருக்கும் ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ் கட்டடத்தைப் பார்க்கவே போகலாம். 1939-ல் எழுந்த, கப்பல் மாதிரி வளைவுகள் கொண்ட கட்டடம், வடிவமைத்தவர் இல்லினாயில் உரிமம் பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் வால்டர் பெய்லி. 1930-களிலேயே அங்கிருந்து ஞாயிறு ஆராதனை வானொலியில் போனது. ஃபெலோஷிப் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச் இன்னொன்று. அதன் நிறுவனர் கிளே எவன்ஸ் பாஸ்டரும் பாடகருமாக இருந்தவர். 1960-களில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு இடம் கொடுத்தார் என்பதற்காகக் கடன் கிடைக்காமல் போய், அவர் கட்டிக்கொண்டிருந்த சர்ச் வெறும் இரும்புச் சட்டமாகப் பல வருடம் நின்றது.

டார்சியின் பில்கிரிம் சர்ச்சைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடக் கலைஞர்கள் அட்லரும் சல்லிவனும் யூத வழிபாட்டு இடமாக வடிவமைத்த அந்தக் கட்டடம் 2006 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்துவிட்டது. எரிந்தது போக மிஞ்சிய கற்சுவர்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். பச்சை வழித்தட ரயிலில் ‘35-வது தெரு, பிரான்ஸ்வில்’ நிறுத்தத்தில் இறங்கி நடக்கிற தூரம். அப்படியே கிங் டிரைவ் பக்கம் போய் வடக்கே 26-வது தெரு வரை நடந்தால் அந்த இடம்பெயர்வின் நினைவுச் சின்னம் வரும்: கயிறு கட்டிய பெட்டியோடு வடக்கே பார்த்து நிற்கும் மனிதன், அவன் உடை முழுக்கத் தேய்ந்த செருப்பு அடிப்பாகங்களால் ஆனது. குடியேறிகளான நாம் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஆனால் விசா முத்திரையோடு விமானத்தில் வந்த நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று சட்டென்று சொல்லிவிடக்கூடாது.

பயமில்லையா என்ற கேள்விக்கு: ஞாயிறு காலை, சர்ச் நடக்கும் தெரு, நல்ல உடை போட்ட பாட்டிகள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். எந்தப் பெரிய நகரத்திலும் காட்டும் எச்சரிக்கை போதும். புறநகரிலேயே இருந்துகொண்டு தெற்குப் பக்கத்தைப் பற்றி எச்சரிப்பவர்களில் பலர் அங்கே ஒரு தடவைகூட இறங்கியிராதவர்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் சபைக்குச் சபை மாறும். பழைய பாப்டிஸ்ட் சபைகளில் இன்னமும் சூட்டு, தொப்பி, கையுறை என்று கண்காட்சி மாதிரி இருக்கும். புதிய சபைகளில் ஜீன்ஸ் போதும். சந்தேகமாக இருந்தால் அலுவலகத்துக்குப் போவதைவிடக் கொஞ்சம் நன்றாகவே உடுத்திக்கொள்ளுங்கள். நான் புடவை கட்டிக்கொண்டு போன நாளில் சபையின் மூத்த பெண்மணிகள் முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அந்த மூத்த பெண்மணிகளை ‘மதர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் பலர் தலை முதல் கால் வரை வெள்ளையில் வருவார்கள். முன்வரிசை அவர்களுடையது. அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள். அஷர் என்று வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் வாசலில் நிற்பார்கள். அவர்கள் காட்டும் இடத்தில் உட்காருவதுதான் முறை. ஜெபம் நடக்கும்போதும் வேதம் வாசிக்கும்போதும் அவர்கள் கையை உயர்த்தினால் அப்படியே நின்றுவிட வேண்டும். போக்குவரத்துக் காவலருக்குக்கூட அவ்வளவு கட்டுப்படுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

சில பழைய சபைகளில் ஆராதனை தொடங்குவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். இதைத் தவறவிட்டால் காஸ்பலின் வேரைத் தவறவிட்ட மாதிரி. வாத்தியம் எதுவும் இருக்காது. டீக்கன் என்கிற சபை ஊழியர் ஒருவர் எழுந்து ஒரு வரியை வேகமாகச் சொல்வார். சபை முழுக்க அந்த வரியை எடுத்து மிக மெதுவாக இழுக்கும். ஒரே ஸ்வரத்தில் நிற்காமல் ஒவ்வொருவரும் தன் போக்கில் வளைத்து, ஆனால் சேர்ந்தே நகர்வார்கள். இங்கிலாந்தின் ஐசக் வாட்ஸ் 18-ம் நூற்றாண்டில் எழுதிய துதிப்பாடல்களை இப்படிப் பாடி வந்ததால் ‘டாக்டர் வாட்ஸ்’ என்றே அந்தப் பாணிக்குப் பெயர். கையில் புத்தகம் இல்லாத, அடிமைகளை எழுத்துப் படிக்க விடாத காலத்தில் பிழைத்த பாட்டு. கும்பகோணத்தில் மார்கழி பஜனையில் பாகவதர் ஒரு நாமாவளியை எடுக்க, ஊரே அதைப் பிடித்துக்கொள்ளும் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். சுருதியும் மொழியும் சாமியும் வேறு என்றாலும் உடம்பு அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டது.

சரி, கைதட்டலுக்கு வருவோம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய கைக்கு இது ஒரு சோதனை. நாம் சமத்தில், முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகியவர்கள். காஸ்பலில் நான்கு எண்ணிக்கை உள்ள பாட்டு என்றால் தட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். டிரம்ஸில் ‘டப்’ என்று வெட்டிக் கேட்கும் ஸ்னேர் அடியும் அங்கேதான் விழும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பக்கத்து வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். வழி ஒன்றுதான்: முதல் எண்ணிக்கைக்குக் காலை வையுங்கள், இரண்டுக்குக் கையைத் தட்டுங்கள். கால், கை, கால், கை. பாடற்குழு அசைந்து அசைந்து உள்ளே நடந்து வருவதைக் கவனித்தால் அவர்கள் உடம்பும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கும். மெதுவான பாட்டுகளில் இன்னொரு விஷயம், ஒவ்வொரு எண்ணிக்கையும் மூன்றாகப் பிரியும், கிட்டத்தட்ட திஸ்ர நடை. அதைப் பிடித்துவிட்டால் அவ்வளவு மெதுவான பாட்டு எப்படித் தொய்யாமல் நிற்கிறது என்பது புரிந்துவிடும்.

அடுத்து கவனிக்க வேண்டியது ஹாமண்ட் ஆர்கன். இதுவும் சிகாகோ சரக்குதான். லாரன்ஸ் ஹாமண்ட் இங்கே கண்டுபிடித்து 1935-ல் விற்பனைக்கு விட்டது. குழாய் ஆர்கன் வாங்கக் காசில்லாத சர்ச்சுகளுக்கு மலிவான மாற்று என்றுதான் விற்றார்கள். உள்ளே பல்சக்கரம் போன்ற உலோகத் தட்டுகள் சுழன்று ஒலியை உண்டாக்கும். டெலிவரன்ஸ் சர்ச்சில் கென்னத் மாரிஸ் அதை வாசிக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு காஸ்பல் சபைக்கும் அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பக்கத்தில் சின்ன அலமாரி மாதிரி மரப்பெட்டி ஒன்று இருந்தால் அது லெஸ்லி ஒலிபெருக்கி. அதற்குள் குழல் சுற்றும்; மெதுவாகச் சுற்றினால் ஒலி ததும்பும், வேகமாகச் சுற்றினால் நடுங்கும். வாசிப்பவர் அந்த வேகத்தை எப்போது மாற்றுகிறார் என்று கவனியுங்கள். அங்கேதான் சபை எழுந்து நிற்கும்.

பாடற்குழு பெரும்பாலும் மூன்று குரல்: உச்சப் பெண் குரலான சொப்ரானோ, அதற்குக் கீழே ஆல்ட்டோ, ஆண்களின் உச்சக் குரலான டெனர். மேற்கத்திய கொயர்களில் இருக்கும் தாழ்ந்த ஆண் குரலான பேஸ் இங்கே பொதுவாகக் கிடையாது. கீழே நிரப்ப ஆர்கனும் பேஸ் கிட்டாரும் இருக்கின்றன. ஆண்கள் எல்லோரும் டெனரில், அதுவும் நல்ல உச்சத்தில் நிற்பார்கள். அந்த இறுக்கத்தில்தான் காஸ்பல் கொயருக்கே உரிய வெடிப்பு வருகிறது. தனியாகப் பாடுபவர் சரணத்தை முடித்தபின் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அங்கேதான் தொடங்கும். நாலைந்து சொற்கள் கொண்ட ஒரே வரியைக் குழு திரும்பத் திரும்பப் பாடும். இயக்குநர் விரலைக் காட்டுவார், குரல்கள் ஒவ்வொன்றாகச் சேரும். முஷ்டியை மூடுவார், சட்டென்று நிற்கும். கட்டைவிரலை மேலே காட்டினால் மொத்தப் பாட்டும் அரைச் சுருதி மேலே ஏறும், அப்புறம் இன்னும் ஒரு அரை. இது எவ்வளவு நேரம் போகும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. சபை எழுந்து தட்டினால், பதில் குரல் கொடுத்தால், போகும். சும்மா உட்கார்ந்திருந்தால் இரண்டு சுற்றில் முடித்துவிடுவார்கள். விருந்து மேடையில் எனக்குக் குறைந்தது இதுதான். காஸ்பலில் கேட்பவர்களும் வாத்தியம். கையைக் கட்டிக்கொண்டு ‘ஆஹா’ என்று ரசிக்க நினைப்பவருக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். மீதிப் பாதியை அவர் தட்டித்தான் வாங்க வேண்டும்.

அதனால்தான் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறேன். மரியாதை ஒரு காரணம். பக்கத்தில் ஒருவர் வாழ்க்கையின் பெரிய கஷ்டத்தை அழுது தீர்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொரு காரணம், போன் பிடித்த கை தட்டாது.

பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். பாட்டுக்கு மட்டும் வந்து பிரசங்கத்துக்கு முன் கிளம்பும் சுற்றுலாப் பயணிகளைப் பார்த்தால் அந்த அஷர்களின் முகம் மாறும். எனக்கே சங்கடமாக இருக்கும். தவிர, பிரசங்கமும் பாட்டுதான். பாஸ்டர் பேச்சாகத் தொடங்குவார். அரை மணி நேரத்தில் வாக்கியங்கள் குறுகும், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவும் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். ஆர்கன்காரர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துப் பதில் சொல்ல ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் பேசுகிறாரா பாடுகிறாரா என்று பிரிக்க முடியாது. அதன் உச்சியில் டிரம்ஸ் பாய்ந்து வேகமெடுத்தால் பெஞ்சுகளுக்கு நடுவில் ஆட்டம் தொடங்கிவிடும். பயப்பட வேண்டாம். தன்னை மறந்து ஆடுகிறவர்கள் விழாமல் பார்த்துக்கொள்ளச் செவிலியர் உடுப்பில் பெண்கள் விசிறியோடு நிற்பார்கள். நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டால் போதும்.

முழுசாக இரண்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் காதடைப்பான் கட்டாயம். டிரம்ஸும் பேஸும் அடிவயிற்றில் இடிக்கும்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில இடங்கள் உண்டு. புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். நின்று, பெயரைச் சொல்லி, பார்க்க வந்தேன் என்றால் சபையே திரும்பிக் கைதட்டும், சிலர் வந்து கட்டிப்பிடிப்பார்கள். கூச்சப்படுகிறவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம், ஆனால் நம் முகத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒளிந்துகொள்வது கஷ்டம். பல சபைகளில் முதல் ஞாயிறு திருவிருந்து. சின்னக் கோப்பையில் திராட்சை ரசமும் அப்பத் துண்டும் தட்டில் வரும். எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. பிரசங்கம் முடிந்ததும், “சபையின் கதவு திறந்திருக்கிறது” என்று பாஸ்டர் கையை விரித்து அழைப்பார். அது சபையில் சேர விரும்புகிறவர்களுக்கான அழைப்பு. எல்லோரும் எழுந்து பாடுகிறார்களே என்று உணர்ச்சிவசப்பட்டு முன்னால் நடந்துவிட வேண்டாம். நான் கைகூப்பியபடி என் இடத்திலேயே நிற்பேன். எந்தச் சாமியை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

காணிக்கை. இதில் நம் ஆட்களுக்குக் கை கொஞ்சம் இறுகும் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். சில சபைகளில் கூடை வரும், சிலவற்றில் வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய்ப் போட வேண்டும், ஒரே ஆராதனையில் இரண்டு முறையும் எடுப்பார்கள். டிக்கெட் இல்லை என்பதற்காக இலவசம் என்று அர்த்தமில்லை. ஆர்கன்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் சம்பளம் போவது இந்தக் கூடையிலிருந்துதான், அந்தப் பழைய கூரை ஒழுகாமல் இருப்பதும் இதனால்தான். ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் கொடுப்பதையாவது போடுங்கள். பணத்தாளாக எடுத்துப் போவது சுலபம்.

சர்ச்சுக்குப் போக மனம் ஒப்பாதவர்களுக்குக் கோடையில் ஒரு வழி இருக்கிறது. நகராட்சி 1985 முதல் நடத்தி வரும் காஸ்பல் விழாவுக்கு அனுமதி இலவசம். மில்லேனியம் பூங்காவின் பிரிட்ஸ்கர் திறந்தவெளி அரங்கில் பெரிய பெயர்களெல்லாம் பாடுவார்கள். தேதி வருடத்துக்கு வருடம் மாறுவதால் வசந்த காலத்திலேயே நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் விரிப்பைப் போட்டுப் படுத்துக்கொண்டு கேட்கலாம் என்பது வசதி. ஆனால் மேடைக்கு நெருங்கிய இருக்கைகளில் உட்கார்ந்தால்தான் சுற்றியிருப்பவர்கள் பாடுவதும் காதில் விழும். மஹாலியாவையும் டார்சியையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அங்கேதான் மொத்தமாக உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஞாயிறும் இல்லை, விழாவும் இல்லை. வார நாள் மாலையில் நடக்கும் ஒத்திகை. அந்த ஆல்ட்டோ அம்மாள்தான் இயக்குநரிடம் அனுமதி கேட்டு என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். பேருந்து ஓட்டுநர், பள்ளி ஆசிரியை, ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போகும் முன் வந்தவர், வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார்கள். யார் கையிலும் இசைத்தாள் இல்லை. இயக்குநர் சொப்ரானோ வரியைத் தானே பாடிக் காட்டினார். அவர்கள் திருப்பிப் பாடினார்கள். அடுத்து ஆல்ட்டோ, அடுத்து டெனர். போனில் பதிவு செய்துகொண்டார்கள், அவ்வளவுதான் நோட்ஸ். மூன்று குரலையும் சேர்த்தபோது ஓரிடத்தில் ஆல்ட்டோ பிசகியது. அந்த இரண்டு சொற்களை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை, பொறுமையாக, கேலியும் சிரிப்புமாகத் தேய்த்துச் சரிசெய்தார்கள். வாய்ப்பாட்டு கிளாஸில் உட்கார்ந்து எழுந்த நமக்கு அந்தக் கற்பிக்கும் முறை அந்நியமாகவே தோன்றாது. ஞாயிறு மேடையில் ஒரு நொடியில் கடந்துபோகும் அந்த இடத்தை அடுத்த முறை கேட்கும்போது காது தானாக அங்கே போய் நிற்கும்.

சில சபைகளில் ஒத்திகைக்கு வெளியாட்களை விடமாட்டார்கள், அது அவர்கள் உரிமை. பாடற்குழுவில் யாரையாவது தெரிந்துகொண்டு, அவர் மூலமாகக் கேட்பதுதான் சரியான வழி. யாரையும் தெரியாது என்றால் ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்கும் அஷரிடம் விசாரியுங்கள். எந்த நாள், எத்தனை மணி, இயக்குநர் எந்த மனநிலையில் இருக்கும்போது கேட்க வேண்டும் என்பது வரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.